மண் சுவர் வீடு கட்டப் போகிறவர்களுக்கு, காங்கயம் பக்கத்திலிருந்து

எங்கள் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்ட வீட்டுக்கு, வருகிறவர்கள் முதல் வேலையாகக் கட்டைவிரல் நகத்தால் சுவரைச் சுரண்டிப் பார்ப்பார்கள். உதிரவில்லை என்றதும் அடுத்த கேள்வி, "மழை பேஞ்சா கரையாதுங்களா?" கரையும். நனைந்தால் எந்த மண்ணும் கரையத்தான் செய்யும். அதனால்தான் மண் வீடு கட்டும் வேலையில் பாதிக்கு மேல் சுவருக்கு அடியிலும் சுவருக்கு மேலேயும் இருக்கிறது, காசையும் அங்கேதான் போட வேண்டும்.

இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் அப்பாரு கட்டின மண்சுவர் வீடு அறுபது வருஷம் நின்றது. மேற்குச் சுவர் அங்கங்கே பொரிந்திருக்கிறதே, பார்க்க நன்றாக இருக்கட்டும் என்று வெளிப்பக்கம் சிமெண்ட் பூசினோம். மூன்றாவது ஐப்பசியில் ஒரு ராத்திரி அந்தச் சுவர் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. காலையில் போய்ப் பார்த்தால் சிமெண்ட் பூச்சு முட்டை ஓடு மாதிரி தனியாக நிற்கிறது, உள்ளே இருந்த மண் சேறாகிக் கிடக்கிறது. மண் சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், வெயில் அடித்ததும் அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. பூச்சில் மயிரிழை மாதிரி விரிசல் விட்டால் போதும், மழைத் தண்ணீர் உள்ளே இறங்கும், திரும்பி வர வழி இருக்காது. அந்த வீட்டுக்குப் பதிலாக அதே இடத்தில், அதே மண்ணை எடுத்து நாங்கள் கட்டிய சின்ன வீட்டை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

நம் பக்கத்துக்கு மண் வீடு ஏன் ஒத்து வரும் என்றால், மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்கு மழையைத் தடுத்துவிடுகிறது. காங்கயம், தாராபுரம், பல்லடம், கரூர் எல்லாமே மழை மறைவுப் பகுதி. வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் பெய்தாலே நல்ல வருஷம். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும், நடுவில் சித்திரையில் இரண்டு மூன்று கோடை மழை. மற்ற நாளெல்லாம் சுவர் காய்ந்தே இருக்கும். வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஈரோடும் கரூரும் சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டுகிற ஊர்கள். பதினைந்து அங்குல மண் சுவரின் வெளிப்பக்கத்தை மத்தியானம் தொட்டால் கை சுடும், உள்பக்கம் கன்னத்தை வைத்துப் படுக்கலாம் போல இருக்கும். அந்தச் சூடு சுவரைக் கடந்து உள்ளே வர இருட்டிவிடும், அதற்குள் வெளியே காற்று குளிர்ந்திருக்கும், சன்னலைத் திறந்துவிட்டால் போதும். ஆனைமலை அடிவாரம், வால்பாறைப் பக்கம் கட்டுகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது, அங்கே மழை வேறு.

மண்ணைப் பார்ப்பது

கரிசல் வேண்டாம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் விரல் போகிற அளவுக்கு வெடிக்கும், சுவருக்கு ஆகாது. கரிசல் காட்டில் வீடு கட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சுவருக்குச் செம்மண் லோடு வாங்குங்கள், கடைக்காலையும் (அஸ்திவாரம்) கரிசல் முழுக்கத் தீர்ந்து கெட்டித் தரை வரும்வரை தோண்டுங்கள். நமக்குத் தோதானது சரளை கலந்த செம்மண். வேர், தழை, மக்கு இருக்கிற மேல் மண்ணை ஒன்றரை அடிக்கு வழித்துத் தோட்டத்தில் போட்டுவிட்டு, அதற்குக் கீழே இருப்பதை எடுக்க வேண்டும். கடைக்கால் தோண்டிய மண், செப்டிக் டேங்குக் குழி மண், இதிலேயே பாதி சேர்ந்துவிடும். குளம், குட்டையில் எடுப்பதாக இருந்தால் முதலில் தாசில்தார் அலுவலகத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள். கோவையை அடுத்த தடாகம் ஊர்ப் பக்கம் செம்மண்ணை வரைமுறை இல்லாமல் தோண்டிப் பள்ளத்தாக்கையே குதறிவிட்டு, 2021-ல் அங்கே செங்கல் சூளைகளை மூட வேண்டி வந்ததை நாம் பார்த்தோம். ஒரு வீட்டுக்குத் தேவையான மண் அவ்வளவெல்லாம் இல்லை, ஆனாலும் எடுக்கிற இடத்தைக் குழியாக விடாமல் பண்ணைக் குட்டையாக்கிவிட்டால் ஆடு மாட்டுக்காவது ஆகும்.

சோதனைக்கு லேப் எல்லாம் வேண்டியதில்லை. நேரான கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு போட்டு நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வைத்துவிடுங்கள். கல்லும் மணலும் ஒரு நிமிஷத்தில் அடியில் படியும், வண்டல் அரை மணி நேரம் எடுக்கும், களி தெளிய ஒரு நாள் ஆகும். மறுநாள் ஸ்கேல் வைத்து அளந்தால் களி ஐந்தில் ஒரு பங்கு, மணலும் சரளையுமாக ஐந்தில் மூன்று பங்குக்குக் குறையாமல் இருந்தால் நல்ல மண்.

அடுத்தது கைச்சோதனை. பிசைந்த மண்ணைக் கட்டைவிரல் தடிமனுக்கு நீளமாக உருட்டி, திண்ணை விளிம்பில் வைத்து மெல்ல வெளியே தள்ள வேண்டும். இரண்டு அங்குலத்துக்குள் ஒடிந்து விழுந்தால் மணல் அதிகம், ஆறு அங்குலம் தாண்டியும் தொங்கிக்கொண்டு இருந்தால் களி அதிகம். இரண்டுக்கும் நடுவில் ஒடிய வேண்டும்.

எனக்கு எல்லாவற்றையும்விட நம்பிக்கை தந்தது அப்பத்தா சொன்ன வழி. அதிரசம் மாதிரி தட்டி, ஒன்று வெறும் மண், ஒன்றில் பாதிக்குப் பாதி மணல், ஒன்றில் மூன்றுக்கு ஒன்று, இன்னொன்றில் வைக்கோல் என்று ஏழெட்டு வில்லை. எது எது என்று குச்சியால் கீறி அடையாளம் வைத்து, நிழலில் ஒரு வாரம் காய விட்டோம். வெறும் மண் வில்லை ஓரமெல்லாம் சுருங்கி நடுவில் பிளந்திருந்தது. பாதி மணல் போட்டதை விரலால் அழுத்தினால் பொடிந்தது. மூன்று பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு மணல் போட்டது மட்டும் விரிசலே இல்லாமல், இரண்டு கையாலும் ஒடித்தபோது பிஸ்கட் மாதிரி 'டக்'கென்று உடைந்தது. அந்த வில்லைதான் எங்கள் வீடு. உங்கள் மண்ணுக்கு வேறு கணக்கு வரும், பக்கத்துத் தோட்டத்துக்கே வேறு வரும். ஆற்று மணலுக்குப் பதிலாகக் கிரஷர் துகளும் ஆகும்.

கடைக்கால்

நம் ஊரில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. இரண்டு அடி அகலத்தில், கெட்டித் தரையோ சுக்கான் பாறையோ தட்டுகிற வரை, எப்படியும் இரண்டரை அடிக்குக் குறையாமல் தோண்டிக் கல்லால் கட்டி, தரைக்கு மேலே இன்னும் இரண்டு அடி கல்லே வர வேண்டும். ஒன்றரை அடி போதும் என்று மேஸ்திரி சொல்வார், கேட்காதீர்கள். ஓட்டிலிருந்து விழுகிற தண்ணீர் தரையில் பட்டுத் தெறிக்கிற உயரத்தை ஒரு மழையில் நின்று பாருங்கள், ஒன்றரை அடிக்குச் சேறு அடித்திருக்கும். கல் கட்டின மேலே, மண் சுவர் தொடங்கும் முன், ஒன்றுக்கு மூன்று சிமெண்ட் கலவையில் நீர்த்தடுப்புப் பவுடர் சேர்த்து ஓர் அங்குலத்துக்கு விரித்துவிடுங்கள். தரை ஈரம் அங்கேயே நின்றுவிடும். கரையானுக்கும் அது ஒரு தடை. மண் வீட்டில் சிமெண்டுக்கு வேலையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன், அதன் இடம் இது. வீட்டைச் சுற்றி மூன்று அடிக்குப் பலகைக்கல் பதித்து வெளிப்பக்கம் சாய்வாக விட்டால் தண்ணீர் சுவரோரம் தேங்காது.

சுவர்

இரண்டு வழி இருக்கிறது. ஆளும் காலமும் இருந்தால் குழைத்த மண் சுவர். சீக்கிரம் வேண்டும், கொத்தனாருக்குப் பழகின வேலையாக இருக்க வேண்டும் என்றால் அழுத்தி எடுத்த மண் பிளாக்.

குழைத்த மண்ணுக்கு நாள் பார்த்துத் தொடங்க வேண்டும். தை பிறந்ததும் ஆரம்பித்தால் கிணற்றில் தண்ணீரும் இருக்கும், வெயிலும் மிதமாக இருக்கும். சித்திரையில் சுவர் வைத்தால் மேல்பக்கம் வேகமாகக் காய்ந்து வெடிக்கும். சலித்த மண்ணைப் பாத்தி கட்டித் தண்ணீர் விட்டு இரண்டு மூன்று நாள் ஊற வைத்து, பிறகு நாலு விரற்கடைக்கு வெட்டின வைக்கோலைத் தூவி மிதிக்க வேண்டும். எங்களுக்கு ஒரு நாள் மிதிக்கவே ஆறு பேர் வேண்டியிருந்தது, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளுக்கு அதைவிட நல்ல விளையாட்டு கிடைக்கவில்லை. காலை எடுத்தால் சேறு ஒட்டாமல் வர வேண்டும், காலடி பதிந்த பள்ளத்தில் தண்ணீர் கசியக் கூடாது, அதுதான் பதம். தேங்காய் அளவு உருண்டை பிடித்து, ஓங்கி அறைந்து, கீழே இருப்பதோடு விரலால் இழுத்து ஒட்டிவிட்டு வரிசை வரிசையாக ஏற்ற வேண்டும். ஒரு தடவைக்கு ஒன்றரை அடிதான். அதற்கு மேல் போனால் அடி வயிறு தள்ளிவிடும். அடுத்த வரி ஏற்ற மூன்று நாலு நாள் பொறுங்கள், கட்டைவிரலை அழுத்தினால் பதியக் கூடாது. அதற்குள் மம்பட்டியால் இரண்டு பக்கமும் செதுக்கித் தூக்குக்குண்டு பார்த்துவிட வேண்டும், முழுக்கக் காய்ந்துவிட்டால் கடப்பாரை போட்டாலும் நிமிராது. ராத்திரி தென்னங்கீற்றோ தார்ப்பாயோ போட்டு மூடுங்கள்.

கணக்குக்கு ஒன்று சொல்கிறேன். வெளி அளவு 24 அடிக்கு 14 அடி, நடுவில் ஒரு குறுக்குச் சுவர், ஒரு பக்கம் ஆசாரம் (கூடம்), ஒரு பக்கம் சமையலும் அறையும். 15 அங்குலச் சுவர், எட்டரை அடி உயரம். வாசல், சன்னல் போக வெளிச்சுவருக்கு மட்டும் கிட்டத்தட்ட 670 கன அடி கெட்டி மண் வரும், உதிரி மண்ணாகப் பத்து யூனிட் (ஒரு யூனிட் நூறு கன அடி) வேண்டியிருக்கும். குறுக்குச் சுவருக்கு இன்னும் ஒன்றரை யூனிட் தனி.

பிளாக் என்றால் அதே வீட்டுக்கு 24 சென்டிமீட்டர் சதுரம், 9 சென்டிமீட்டர் உயரக் கல் சேதாரத்தோடு 2,500 வேண்டும். நூற்றுக்கு ஐந்து பங்கு சிமெண்ட் கலந்தால் ஒரு மூட்டைக்கு 100 கல் வரும், ஆக 25 மூட்டை. மண்ணில் களி அதிகம் என்றால் சிமெண்டைவிடச் சுண்ணாம்பு நன்றாகப் பிடிக்கும். பிளாக்குக்கு மண் சேறாக இருக்கக் கூடாது. உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்த உருண்டையை நெஞ்சு உயரத்திலிருந்து கீழே விட்டால் நாலைந்து துண்டாக உடைய வேண்டும், பொடியானால் தண்ணீர் போதாது, அப்பளம் மாதிரி தட்டையானால் அதிகம். அழுத்தி எடுத்ததும் அடுக்கி, மூடி, 28 நாள் ஈரம் காயாமல் பார்க்க வேண்டும். எல்லாரும் அவசரப்படுவது இங்கேதான், வெயிலில் பிளாக் காய்ந்துவிட்டது என்று பத்தாம் நாளே கட்டத் தொடங்கி, மூலையெல்லாம் உதிர்ந்து, மண் சரியில்லை என்று பழி சொன்னவர்களை எனக்குத் தெரியும். ஆரோவில்லில் இந்த வேலைக்கு 1989 முதல் தனியாக ஒரு மையமே நடக்கிறது, இப்போது ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் என்று பெயர், அங்கே பயிற்சி தருகிறார்கள், 'ஆரம்' என்ற கை அழுத்து இயந்திரமும் அவர்கள் வடிவமைத்ததுதான். உங்கள் கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு போனால் இன்னும் நல்லது. கடையில் 'இன்டர்லாக் கல்' என்று கிடைப்பதில் பலதும் கிரஷர் துகளும் சாம்பலும் சிமெண்டுமாக இருக்கும், மண் எவ்வளவு என்று கேட்டு வாங்குங்கள்.

வாசலும் சன்னலும் மூலையிலிருந்து நாலு அடியாவது தள்ளி வர வேண்டும், ஒரு திறப்பு நாலு அடி அகலத்தைத் தாண்ட வேண்டாம். சுவர் குறுக்குச் சுவரின் பிடிப்பு இல்லாமல் நீளமாகவும் ஓடக் கூடாது, தன் கனத்தைப் போலப் பத்து மடங்கோடு நிறுத்துங்கள். சன்னலுக்கு மேலே லிண்டல் மட்டத்தில் நான்கு சுவரையும் சுற்றி மூன்று அங்குலக் கான்கிரீட் பட்டை, உள்ளே இரண்டு கம்பி, இதை மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏறத்தாழ 6 அளவில் பூமி அதிர்ந்திருக்கிறது, நம் பகுதி ஆடாது என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. அப்புறம், மண் சுவரில் ஆணி நிற்காது. அட்டாலி (பரண்), படம், சுவிட்சுப் பெட்டி எங்கெங்கே வரும் என்று முன்னாலேயே யோசித்து, சுவர் ஏற்றும்போதே மரக்கட்டை பதித்துவிடுங்கள்.

குளியலறை, கழிப்பறையை மண் சுவரில் கட்டவே வேண்டாம். பொடக்காலிப் பக்கம் சுட்ட செங்கல்லில் தனியாகக் கட்டுங்கள். தண்ணீர்க் குழாய் எதுவும் மண் சுவருக்குள் போகக் கூடாது.

கூரை

எங்கள் வீட்டில் சுவருக்கு ஆனதைவிடக் கூரைக்கு ஆன செலவு அதிகம், அது அப்படித்தான் இருக்க வேண்டும். வீட்டுக்குள் வரும் சூட்டில் பெரும்பங்கு மேலிருந்து வருவது. மண் சுவர் கட்டிவிட்டுத் தகர சீட்டு போட்டால் பாடுபட்டதெல்லாம் வீண். ஓடுதான் சரி. இடிக்கிற பழைய வீடுகளில் சீமை ஓடும், பனை வாரையும், கதவு நிலையும் கிடைக்கும், விசாரித்துக்கொண்டே இருங்கள், புதுசுக்குப் பாதி விலைக்குக் கூட வரும். முற்றின பனையின் வைரத்தைக் கரையான் அவ்வளவு லேசில் தொடாது. ஆனால் இளம்பனை வாரையைத் தலையில் கட்டிவிடுகிறவர்களும் உண்டு, வெட்டுமுகத்தில் கறுப்பு நார் நெருக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

இறவாரம் சுவரைவிட்டு மூன்று அடி வெளியே வர வேண்டும். ஐப்பசி மழை நம் பக்கம் கிழக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் அடித்துப் பெய்யும், அந்த இரண்டு பக்கமும் தாவாரம் இறக்கித் திண்ணை போட்டுவிட்டால் சுவரும் நனையாது, உட்காரவும் இடமாச்சு. மேற்கே வேறு பிரச்சினை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்றால் ஓடு எம்மாத்திரம். நான்கு பக்கமும் சரிவாக இறக்கிய கூரையைக் காற்று அவ்வளவாகப் பிடிக்காது. சுவர் ஏற்றும்போதே மூன்று அடி ஆழத்தில் கம்பியைப் பதித்து மேலே விட்டு, அதில் சுவர் உத்தரத்தைக் கட்ட வேண்டும். மேற்கு ஓரத்து இரண்டு வரிசை ஓட்டைக் கம்பி போட்டு ரீப்பரோடு கட்டிவிடுங்கள். எப்படிக் கணக்குப் போட்டாலும் ஆனிக்குள் ஓடு ஏறிவிட வேண்டும்.

பூச்சு

சுவர் நன்றாகக் காய்ந்து, கூரையும் ஏறிய பிறகுதான் பூச்சு. நைசாகச் சலித்த அதே மண், மணல், பசுஞ்சாணம், உமி, நாலைந்து நாள் புளித்த கலவை. சுவரில் தண்ணீர் தெளித்துவிட்டு முதல் பூச்சை அழுத்தித் தேய்த்து, துடைப்பத்தால் கீறிவிட்டால் இரண்டாவது பிடிக்கும். ஒரு அடிச் சதுரத்துக்கு மூன்று நாலு கலவை பூசிப் பார்த்து, வெடிக்காததை எடுத்துக்கொள்ளுங்கள். மழை படுகிற வெளிச்சுவருக்கு மேலே சுண்ணாம்பு. கல் சுண்ணாம்பைத் தொட்டியில் நீற்றிப் பத்து நாளாவது தண்ணீருக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும், நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். தட்டிப்போட்ட கடுக்காயும் கருப்பட்டியும் ஊறின தண்ணீரைச் சேர்த்தால் பிடிப்பு கூடும். வருகிறவர்கள் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கட்டும் என்று எமல்ஷன் அடிக்காதீர்கள், அதுவும் சுவரின் மூச்சை அடைக்கும்.

தரைக்குச் சரளை கொட்டித் திமிசு போட்டு, மேலே மண் அடித்துச் சாணி வழித்துவிடலாம், வாரம் ஒரு தடவை வழிக்க ஆள் இல்லாத வீட்டில் ஆத்தங்குடிக் கல்லோ செங்கல் வில்லையோ பதித்துக்கொள்ளுங்கள்.

காசும் காகிதமும்

மண் வீடு என்றால் சும்மா கட்டிவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொருளில் மிச்சமாவது கூலியில் போகும். வீட்டு ஆள்களும் உறவும் சேர்ந்து இறங்கினால்தான் உண்மையாகவே மிச்சம். கடன் கேட்டால் வங்கியில் மண் என்றதும் தயங்குவார்கள், மண் பிளாக்குக்கு ஐ.எஸ். 1725 என்றும், மண் கட்டடத்தின் நிலநடுக்கப் பாதுகாப்புக்கு ஐ.எஸ். 13827 என்றும் இந்தியத் தரநிர்ணயமே இருக்கிறது, பொறியாளர் மதிப்பீட்டில் அந்த எண்களைக் குறிப்பிடச் சொல்லுங்கள். அரசு வீட்டுத் திட்டத்தில் கட்டுவதானால், மத்தியத் திட்டமோ 2024-ல் வந்த 360 சதுர அடிக்கு மூன்றரை லட்சம் தருகிற கலைஞரின் கனவு இல்லமோ, பணம் கட்டம் கட்டமாகப் பார்த்துத்தான் வரும், ஆகவே சுவரும் கூரையும் எப்படி இருக்க வேண்டும் என்று ஒன்றிய அலுவலகத்தில் பொறியாளரிடம் கடைக்கால் தோண்டும் முன்பே கேட்டுவிடுங்கள். பாதியில் கேட்டால் இடித்துக் கட்டும்படி ஆகிவிடும்.

குடி போன பிறகு வருஷத்துக்கு இரண்டு நாள் வேலை இருக்கிறது. புரட்டாசியில் ஓடு ஒதுக்கி, உடைந்ததை மாற்றி, சுவரோரம் மண் மேடாகியிருந்தால் வெட்டிவிட வேண்டும், செடி வைத்துத் தண்ணீர் பாய்ச்சியிருந்தால் பிடுங்கிவிடுங்கள். மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு எப்படியும் வெள்ளையடிக்கிறோம், அதற்கு முன் எலி வளை, விரிசல், கரையான் புற்று வழி எல்லாம் பார்த்து மண் வைத்து அடைத்துவிடலாம். கட்டி முடித்த அன்றே அதே மண்ணில் சலித்தது இரண்டு மூட்டை கட்டி அட்டாலியில் போட்டு வையுங்கள், வேறு மண்ணில் ஒட்டுப்போட்டால் நிறமும் சேராது, காய்ந்ததும் விட்டுக்கொண்டு வந்துவிடும்.